எஃப் 8 மேல் வைத்த விரல்

நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி இருக்கும். பால்டர்ஸ் கேட் 3 என்ற கம்ப்யூட்டர் கேம் ஆடிக்கொண்டிருந்தேன். மரகதத் தோப்பு என்ற இடத்தில் அரபெல்லா என்ற சின்னப் பெண்ணைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். கோயில் சிலையைத் திருடிவிட்டாள் என்று குற்றச்சாட்டு. அவள் எதிரே ஒரு பாம்பு தலை தூக்கி நிற்கிறது. தோப்பின் பொறுப்பில் இருக்கும் காகாவிடம் நயமாகப் பேசி குழந்தையை விடச் சொல்ல வேண்டும். இருபது முகப் பகடை உருண்டது. நான்கு விழுந்தது. குழந்தை பயந்து ஓடப் பார்த்தாள், பாம்பு பாய்ந்தது, அவ்வளவுதான்.

என் விரல் கீபோர்டில் எஃப் 8 மேல் இருந்தது. அதை அழுத்தினால் கடைசியாக எஃப் 5 போட்டு சேவ் செய்த இடத்துக்குத் திரும்பிவிடலாம். மறுபடி பகடை உருட்டலாம், பதினேழு விழலாம், குழந்தை பிழைப்பாள். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் விரலை எடுத்துவிட்டேன். பக்கத்திலேயே அவளுடைய அப்பா அம்மா காத்திருக்கிறார்கள். அவர்களிடம் நடந்து போனேன்.

கடந்த ஒன்றரை வருஷத்தில் நான்கு பெரிய ஆர்பிஜி கேம்களை, அதாவது ஒரு கதாபாத்திரமாக மாறி அதன் கதையை ஆடும் கேம்களை, முடித்திருக்கிறேன். தி விட்சர் 3, பெர்சோனா 5 ராயல், டிஸ்கோ எலிசியம், கடைசியாக இந்த பால்டர்ஸ் கேட் 3. வேலை முடிந்து வந்து, முடிகிற நாட்களில் மட்டும் ராத்திரி இரண்டு மணி நேரம், சனி ஞாயிறில் கொஞ்சம் கூடுதல், இதுதான் என் கணக்கு. எல்லாம் சேர்த்து நானூறு மணி நேரத்தை நெருங்கும். இவ்வளவு நேரத்தைக் கொடுத்த ஒன்றைப் பற்றி எது நன்றாக இருந்தது, எது இல்லை என்று உட்கார்ந்து யோசிக்காமல் விடக்கூடாது என்று தோன்றியது. கதையின் சில திருப்பங்களை இங்கே சொல்லியிருக்கிறேன். இனிமேல்தான் ஆடப் போகிறவர்கள் அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் விட்சர் 3. 2015 மே மாதம் வந்தது, போலந்தில் செய்தது. 2022 டிசம்பரில் காட்சித் தரத்தை மெருகேற்றி ஒரு இலவச அப்டேட் கொடுத்தார்கள். நான் ஆடியது அதைத்தான். ஐம்பது ஜிபி இடம் போதும், நடுத்தர லேப்டாப்பிலேயே ஓடும். இந்த வகைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் கை காட்டுவேன்.

காரணம், வேலன் என்ற சதுப்பு நிலப் பகுதியில் வரும் பாரன் கதை. மனைவியும் மகளும் காணாமல் போய்விட்டார்கள், கண்டுபிடித்துக் கொடு என்று கேட்கிறான் அந்தப் பகுதியைக் கையில் வைத்திருக்கும் ஒரு முரட்டு ஆள். அவன்தான் பாரன். தேடத் தேட, குடித்துவிட்டு அவன் அடித்த அடியில்தான் குடும்பம் சிதறியது என்று தெரிகிறது. கலைந்துபோன கருவைப் பெயர் வைக்காமல் புதைத்திருக்கிறான். அது பேயாக எழுந்து வந்திருக்கிறது. அதை வெட்டியும் போடலாம், இல்லாவிட்டால் அவனையே தூக்கிச் சுமக்க வைத்து, வீட்டு வாசல்படிக்குக் கொண்டுவந்து, பெயர் சூட்டி, மகளாக ஏற்று அடக்கம் செய்ய வைக்கலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். இருட்டில் அந்த ஆள் இரண்டு கைகளிலும் அந்தக் கோரமான சிசுவை ஏந்திக்கொண்டு மெல்ல நடக்கிறான். அது சிணுங்க ஆரம்பித்தால் நாம் ஆடும் நாயகன் கெரால்ட் தன் மந்திரத்தால் அமைதிப்படுத்த வேண்டும். நடுவில் ஆவிகள் வந்து தாக்குகின்றன. அந்த நடை முடியும் வரை அவனை வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. வாசல்படியில் அவன் மகளுக்குப் பெயர் சொல்லும்போது நான் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

அதன்பிறகு சதுப்பு நிலத்தில் ஒரு மரத்தடியில் அடைபட்ட ஆவி ஒன்று பேரம் பேசுகிறது. என்னை விடுவி, அநாதைக் குழந்தைகளைக் காப்பாற்றுகிறேன் என்கிறது. விடுவித்தேன். சில மணி நேரம் கழித்துதான் அதன் பலன் தெரிந்தது. ஒரு கிராமமே அழிந்தது, பாரனின் மனைவி உயிர் பிழைக்கவில்லை, அவனும் தன் கோட்டை முற்றத்து மரத்தில் தூக்கில் தொங்கினான். குழந்தைகள் மட்டும் பிழைத்தார்கள். ஆவியைக் கொன்றிருந்தால் கணக்கு அப்படியே மாறும், குழந்தைகள் போயிருப்பார்கள். பழைய சேவுக்குப் போகலாமே என்றால், அந்த முடிவை எடுத்து எத்தனையோ வேலைகளை முடித்தாயிற்று. யார் திரும்பிப் போவார்கள்? விளைவைத் தாமதமாகக் காட்டியே இந்த விளையாட்டு நம்மை நம் முடிவோடு வாழ வைக்கிறது. இதன் பெரிய பலம் அதுதான்.

குறை என்று பார்த்தால், கதை சொல்வதும் நாம் செய்வதும் ஒட்டவில்லை. கெரால்டின் வளர்ப்பு மகள் சிரியை ஒரு பேய்ப்படை துரத்துகிறது, ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம் என்கிறார்கள். நானோ சத்திரத்தில் க்வென்ட் சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருக்கிறேன். அந்தச் சீட்டாட்டம் அருமையானது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அப்பனுக்கு உரிய பதற்றம் எனக்குள் இல்லாமல் போயிற்று. நோவிகிராட் நகரத்தில் ஒரு பாடகனைத் தேடி அலையும் பகுதி தேவைக்கு மேல் இழுக்கிறது. துரத்தி வரும் பேய்ப்படையின் தலைவனுக்கோ முகமே இல்லை. பாரனுக்குக் கொடுத்த அக்கறையில் பாதியை அவனுக்குக் கொடுத்திருந்தால் கடைசிச் சண்டை நெஞ்சில் நின்றிருக்கும்.

இங்கே நான் செய்த பெரிய தவறு, மேப்பில் இருந்த கேள்விக்குறிகளை எல்லாம் துடைத்தெடுக்க நினைத்தது. ஸ்கெல்லிகே தீவுகளைச் சுற்றிக் கடலில் கடத்தல்காரர்களின் பெட்டிகள் மிதக்கின்றன. படகில் போய், முங்கி, எடுத்து, மறுபடி படகு. இதில் ஒரு வாரம் போனது. கிடைத்ததெல்லாம் விற்பதற்கான பழைய வாள்கள். அதோடு, ஒரு வேலைக்குச் சொல்லப்பட்ட லெவலைவிட நீங்கள் ஆறு லெவல் மேலே போய்விட்டால் அனுபவப் புள்ளி ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது. ஆக, பக்க வேலைகளை அளவுக்கு மீறிச் செய்தால் முக்கியக் கதையே சப்பென்று ஆகிவிடும். கேமின் செட்டிங்ஸில் கேள்விக்குறிகளை மறைத்துவிடுங்கள். மஞ்சள் ஆச்சரியக்குறி போட்ட பக்கக் கதைகளையும், ஊர் அறிவிப்புப் பலகையில் வரும் ராட்சத வேட்டைகளையும் மட்டும் செய்தால் போதும், அவற்றில்தான் உயிர் இருக்கிறது. சிரியோடு பேசும் இடங்களில் அவளைப் பொத்திப் பொத்தி வைக்காமல் அவள் போக்கில் விடுங்கள். கதையின் முடிவு அந்தச் சின்னச் சின்ன இடங்களில்தான் தீர்மானமாகிறது.

இன்னொன்று, இந்த கேம் ஆடும்போதுதான் ஒரு ராத்திரி கரண்ட் போய், பேட்டரி செத்த லேப்டாப்போடு சேர்ந்து இரண்டு மணி நேர ஆட்டமும் போயிற்று. தானாகச் சேவ் ஆகும் என்று நம்பியிருந்தேன். அது முக்கியக் கட்டங்களில் மட்டும்தான் ஆகியிருக்கிறது. அன்றிலிருந்து அரை மணிக்கு ஒரு முறை நானே ஒரு சேவ் போட்டுவிடுகிறேன். தோல்வியிலிருந்து தப்பிப்பதற்கு அல்ல, கரண்டுக்காக.

பெர்சோனா 5 ராயலைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பகலில் டோக்கியோவில் பள்ளி மாணவன், மறைவில் கெட்டவர்களின் மனசுக்குள் புகுந்து திருடுகிறவன். ஏப்ரலில் தொடங்கும் நாள்காட்டிதான் இதன் உயிர். பள்ளி முடிந்து ஒரு பொழுது, மாலை ஒரு பொழுது. நண்பனோடு போனால் படிப்பு போச்சு, படித்தால் நண்பன் காத்திருப்பான். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் இன்னொன்று கையை விட்டுப் போகும் என்பதை இவ்வளவு எளிமையாகச் சொன்ன விளையாட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் நூறு மணி நேரத்தில் இருபது மணி நேரத்தை வெட்டலாம். ஒரே விஷயத்தை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லி, அப்புறம் செல்போன் குறுஞ்செய்தியில் நாலாவது தடவையும் சொல்கிறார்கள். என்னால் ஏற்க முடியாதது வேறொன்று. முதல் பகுதியில் ஆன் என்ற மாணவியை ஓர் ஆசிரியர் பார்க்கும் பார்வையை அவ்வளவு கோபத்தோடு கண்டிக்கிறது கதை. அடுத்த பகுதியிலேயே அவளைச் சங்கடப்படுத்தும் காட்சியை நகைச்சுவையாக வைக்கிறது. முதலில் பட்ட கோபம் உண்மையென்றால் இரண்டாவதற்கு இடமே இருந்திருக்கக் கூடாது.

ராயல் என்பது பெர்சோனா 5-இன் விரிவாக்கிய பதிப்பு. அதில் புதிதாகச் சேர்த்த கடைசிப் பகுதிதான் கதையிலேயே சிறந்தது. அதை யாரும் சொல்லாமல் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் கொடுமை. மருகி என்ற ஆலோசகரோடு உள்ள உறவை நவம்பர் 18-க்குள் ஒன்பதாவது நிலைக்கும், அகேச்சி என்ற துப்பறியும் மாணவனோடு உள்ளதை நவம்பர் 24-க்குள் எட்டாவது நிலைக்கும், கசுமி என்ற மாணவியோடு உள்ளதை டிசம்பர் 18-க்குள் ஐந்தாவது நிலைக்கும் கொண்டு வந்துவிடுங்கள். ஒரு தாளில் எழுதி மேஜையில் ஒட்டிக்கொள்ளுங்கள். நான் தற்செயலாகத்தான் தப்பித்தேன். மருகி ஒன்பதை எட்டியது கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால்.

டிஸ்கோ எலிசியம் 2019 அக்டோபரில் வந்தது. 2021-இல் வந்த ஃபைனல் கட் பதிப்பில் உரையாடல் முழுவதற்கும் குரல் சேர்த்தார்கள். நான்கிலும் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். சண்டை போடும் பொத்தானே கிடையாது. ரெவஷோல் நகரத்தின் மார்ட்டினேஸ் என்ற துறைமுகப் பகுதியில், குடித்துக் குடித்து தன் பெயரையே மறந்துபோன ஒரு துப்பறிவாளன் விடுதி அறையில் கண் விழிக்கிறான். பின்கட்டில் ஒரு மரத்தில் ஏழு நாளாக ஒரு பிணம் தொங்குகிறது. அவன் மூளைக்குள் இருபத்து நான்கு திறமைகளும் இருபத்து நான்கு குரல்களாகப் பேசுகின்றன. ஒன்று அவனை உசுப்பிவிடும், ஒன்று அழ வைக்கும், ஒன்று தப்பும் தவறுமாக வழிகாட்டும்.

நான் உடல்வலிமைக்கு ஒரு புள்ளி மட்டும் கொடுத்து, மிச்சத்தில் முடிந்த அளவு அறிவுக்குக் கொட்டினேன். விளையாட்டு தொடங்கிய சில நிமிஷங்களில் மின்விசிறியில் சுற்றிக்கொண்டிருந்த தன் டையை எடுக்கப் போனான் நம் ஆள். பகடை தவறியது, இதயம் நின்றது, ஆட்டம் முடிந்தது. அறையை விட்டு வெளியே கூட வரவில்லை. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு யோசித்தால், இந்த மனிதனின் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்ல முடியும்? ஆனாலும் புதியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், உடல்வலிமைக்கு இரண்டு புள்ளியாவது வையுங்கள். மருந்து கையில் இருந்தால், உயிர் பூஜ்யத்துக்கு இறங்கும் அந்தச் சில நொடிகளில் கீழே உள்ள பொத்தானை அழுத்திப் பிழைத்துக்கொள்ளலாம்.

இந்த விளையாட்டில் தோற்பதற்குப் பயப்படத் தேவையில்லை. வெள்ளை நிறத்தில் காட்டும் பகடை என்றால், தொடர்புடைய திறமைக்குப் புள்ளி போட்டுவிட்டு மறுபடி முயலலாம். அதனால் ஒரு புள்ளியைச் செலவழிக்காமல் எப்போதும் கையில் வைத்திருங்கள். சிவப்பு என்றால் ஒரே வாய்ப்பு. கதையின் உச்சத்தில் ஒரு துப்பாக்கிச் சண்டை. கூட்டாளி கிம் கிட்சுராகியை எச்சரிக்க வேண்டிய நேரத்தில் என் பகடை தவறியது. கிம் சுடப்பட்டார். சாகவில்லை, ஆனால் அதற்குப் பிறகு என்னோடு வரவில்லை. அத்தனை நாள் சின்ன நோட்டுப் புத்தகத்தில் குறிப்பெடுத்துக்கொண்டு, என் பைத்தியக்காரத்தனத்தை எல்லாம் பொறுத்துக்கொண்டு, அரை அடி பின்னால் நடந்து வந்த மனிதர். அவர் இல்லாமல் கடற்கரையோரம் தனியாக நடந்தபோது இருந்த வெறுமை நிஜமானது. வென்றிருந்தால் எனக்கு இது தெரிந்திருக்காது. பால்டர்ஸ் கேட்டில் அன்று எஃப் 8 மேலிருந்து விரலை எடுத்தேனே, அந்தப் பழக்கம் கிம்மிடமிருந்து வந்தது.

குறையும் உண்டு. ஒவ்வொரு பகடைக்கு முன்னாலும் சட்டை, தொப்பி, கண்ணாடி என்று மாற்றினால் திறமை ஒன்றிரண்டு கூடுகிறது. இது விரைவிலேயே துணி மாற்றும் வேலையாகிவிட்டது. நான் பாதியில் அதை நிறுத்திவிட்டு, பிடித்த உடையிலேயே இருந்தேன். பேசினாலோ வாசித்தாலோதான் கடிகாரம் நகரும் என்பதால், குறிப்பிட்ட நேரத்துக்குக் காத்திருக்க வேண்டிய இடங்களில் செய்வதற்கு ஒன்றுமே இல்லாமல் நடந்துகொண்டிருப்போம். விளையாட்டுக்குள் இருக்கும் புத்தகக் கடையில் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு வாசித்தால் நேரம் போகும். இந்த நான்கில் எதற்கும் தமிழ் இல்லை, அதிலும் டிஸ்கோவின் ஆங்கிலம் கடினம். தம்பிக்குப் போட்டுக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில், "அண்ணே, பேசிக்கிட்டே இருக்காங்க, எப்பத்தான் ஆரம்பிக்கும்?" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். வாசிக்கப் பிடிக்காதவர்களுக்கு இது ஓடாது. எனக்குக் குரல்கள்தான் உதவின. வேகமாகக் கடந்து போகாமல் ஒவ்வொரு வரியையும் பேசி முடிக்க விட்டால், புரியாத சொல்லும் தொனியில் புரிந்துவிடும்.

சரி, பால்டர்ஸ் கேட் 3. பெல்ஜியத்தில் உள்ள லேரியன் செய்தது, 2023 ஆகஸ்டில் வந்தது. 150 ஜிபி. மாத டேட்டாவுக்கு வரம்பு இருக்கிறவர்கள் மாதத் தொடக்கத்தில் இறக்குங்கள், எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் கட்டாயம். ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். ஆனால் இந்த மாதிரி விளையாட்டில் முதல் இரண்டு மணி நேரம் கதாபாத்திரத்தின் மூக்கைச் செதுக்குவதிலேயே போய்விடும். அதனால் முதலில் மேப்பின் நெரிசலான இடம் வரை போய் லேப்டாப் தாங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள், முகத்தைப் பிறகு அலங்கரிக்கலாம்.

இதன் பலம், நான் நினைத்ததை எல்லாம் செய்ய விட்டது. கதவு பூட்டியிருந்தால் திறக்கலாம், உடைக்கலாம், மேகமாக மாறி ஓட்டை வழியே நுழையலாம், பக்கத்துக் கூரையிலிருந்து தாவலாம். செத்தவர்களோடு பேசலாம், மாட்டோடும் பேசலாம். ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் உட்கார்ந்து வசனம் எழுதியிருக்கிறார். எதிரியை மலை உச்சியிலிருந்து தள்ளிவிட்டு ஒரு பெரிய சண்டையை ஒரே அடியில் முடித்தபோது விளையாட்டு என்னைத் தடுக்கவே இல்லை.

இங்கேயும் விட்சரில் பார்த்த அதே குறை. மூளையில் ஒரு புழு இருக்கிறது, சில நாளில் ராட்சதனாக மாறிவிடுவாய் என்று பயமுறுத்துகிறார்கள். நான் நம்பி, முகாமில் தூங்காமல் ஓடினேன். பிறகுதான் தெரிந்தது, கூட்டாளிகளின் சொந்தக் கதைகளில் பெரும்பாலானவை ராத்திரி முகாமில்தான் திறக்கின்றன. தூங்காததால் பல காட்சிகளை இழந்தேன். கதை சொல்லும் அவசரத்தை நம்புகிறவனை விளையாட்டு தண்டிப்பது நியாயமில்லை. ஆகவே தாராளமாகத் தூங்குங்கள். சாதாரணக் கடினத்தில் ஒரு முழு ஓய்வுக்கு 40 உணவுப் புள்ளி வேண்டும், வழியெல்லாம் பொறுக்கினால் தாராளமாகவே மிஞ்சும். சில இடங்களில் மட்டும் தூங்கக் கூடாது. இரண்டைச் சொல்கிறேன். தீப்பிடித்து எரியும் வாக்கீன் சத்திரத்தைக் கண்டபின் உடனே உள்ளே போங்கள். பாதாளத்தில் நியர் என்பவன் பாறைக்குப் பின்னால் சிக்கியிருக்கும் இடத்திலும் தாமதிக்க வேண்டாம்.

மூன்றாம் பகுதியில் நகரத்துக்குள் நுழைந்ததும் வேலைகள் மலைபோல் குவிகின்றன. என் லேப்டாப்பில் தெருவில் நடப்பதே திணறியது. அதிகபட்ச லெவல் 12. நான் பாதி நகரத்திலேயே அதைத் தொட்டுவிட்டேன். அதன்பிறகு ஜெயிக்கும் சண்டைகளில் வளர்ச்சி இல்லை. நான்கு பேருடைய பைகளிலும் குவிந்து கிடக்கும் சாமான்களைத் தேடுவது தனி வேலை. கூட்டாளிகள் நாம் சுற்றிப்போன பொறியின் மேல் நேராக நடந்து வருவார்கள். ஆபத்தான இடங்களில் அவர்களைப் பிரித்து நிறுத்திவிட்டு ஒருவரை மட்டும் நடத்துங்கள். செட்டிங்ஸில் கர்மப் பகடை என்று ஒன்று தொடக்கத்திலேயே போடப்பட்டிருக்கும். அது தொடர் தோல்விகளைச் சமன் செய்கிறது. நான் அணைத்துவிட்டேன். விழுவது விழட்டும்.

அரபெல்லாவின் பெற்றோரிடம் போனேன் என்றேன் அல்லவா. அந்த உரையாடலில் நான் சரியாகச் சொல்வதற்கு எந்தத் தெரிவும் இல்லை. எதைச் சொன்னாலும் போதவில்லை. அவளைக் காப்பாற்றியவர்களுக்கு அவள் பிற்பாடு, இருள் சூழ்ந்த நிலத்தில், மறுபடி வருகிறாளாம். நண்பன் ஒருவன் சொன்னான். என் கதையில் அந்த இடத்தைக் கடந்தபோது அங்கே யாரும் இல்லை. அவள் நின்றிருக்க வேண்டிய பாதையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நான் மெதுவாகத்தான் நடந்தேன்.